ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் 363: எச்எம்வி கடைக்கு ஒரு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடை நன்றாக இருக்கிறது, போங்கள். லண்டனைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் சரி, இங்கேயே வருஷக்கணக்காக இருந்துகொண்டு "இந்தக் காலத்தில் யாரப்பா சிடி வாங்குகிறார்கள்" என்று கேட்டுவிட்டுக் கடந்து போகிறவர்களும் சரி, பாண்ட் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி 363-ஆம் எண்ணில் இருக்கும் எச்எம்வி ரெக்கார்ட் கடைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஆனால் ரெக்கார்ட் கடைகளின் காலம் திரும்பிவிட்டது என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். கடை திரும்பி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் அதை நிரப்பிய கூட்டம் வரவில்லை, இனி வரும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கூட்டம் யார், ஏன் போனது என்பதைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதப்போகிறேன்.

நம் ஆட்களுக்கு எச்எம்வி என்றால் கடை ஞாபகம் வராது, நாய்தான் ஞாபகம் வரும். கிராமபோன் குழாய் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே, கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளுக்குக் கச்சேரியாகவும் நாடகப் பாட்டாகவும் சினிமாப் பாட்டாகவும் வந்துசேர்ந்த ரெக்கார்டுகளின் நடுவில் ஒட்டியிருந்த அதே நாய். பெயர் நிப்பர், வரைந்தவர் ஃபிரான்சிஸ் பராட் என்ற ஆங்கிலேய ஓவியர். படத்தை விலைக்கு வாங்கிய கிராமபோன் கம்பெனி 1921 ஜூலை 20 அன்று இதே 363-ஆம் எண்ணில் கடை திறந்தது, இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் வந்து திறந்துவைத்தார். 1937-ல் தீப்பிடித்து எரிந்து 1939-ல் மறுபடி திறந்தார்கள். 1962-ல் பீட்டில்ஸை டெக்கா கம்பெனி வேண்டாம் என்று தள்ளிய பிறகு, அவர்களுடைய மேனேஜர் பிரையன் எப்ஸ்டைன் அந்த ஒலிநாடாவைக் கொண்டுவந்து டிஸ்க்காக வெட்டிக்கொண்டது இந்தக் கட்டடத்தில்தான். வெட்டிக் கொடுத்தவருக்குப் பாட்டு பிடித்துப்போய், மாடியில் இருந்த பாட்டுப் பதிப்பாளரிடம் அவரை அனுப்பினார், அந்த வழியாகத்தான் எப்ஸ்டைன், பின்னால் பீட்டில்ஸின் பாட்டுகளைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினிடம் போய்ச் சேர்ந்தார். கடையில் வேலை செய்த ஒருவர் தன் முன்னால் ஓடிய பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டார், அதனால் நடந்தது இவ்வளவும்.

இந்தத் தெரு முன்பு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கு முனையில், டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு பக்கம், வர்ஜின் மெகாஸ்டோர். நடுவில் 150-ஆம் எண்ணில் 1986-ல் எச்எம்வி திறந்த பிரம்மாண்டமான கடை, உலகத்திலேயே பெரிய ரெக்கார்ட் கடை என்று விளம்பரம் செய்தார்கள். கொஞ்சம் தெற்கே பிக்காடிலி சர்க்கஸில் டவர் ரெக்கார்ட்ஸ். மூன்றையும் சுற்றினாலே ஒரு சனிக்கிழமை முடிந்துவிடும். பிக்காடிலி டவரை 2003-ல் வர்ஜின் எடுத்துக்கொண்டது. வர்ஜின் கடைகள் 2007-ல் கைமாறி ஸாவி என்று பெயர் மாறின. ஸாவி 2008-ல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் திவாலாகி, சில வாரங்களில் கடைத்தெருவிலிருந்தே காணாமல் போனது. எச்எம்வியும் 2013 ஜனவரியில் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. அந்த வருஷமே பழைய 363-க்குத் திரும்பி வந்து, 150-ஐ 2014-ல் மூடினார்கள். 2018 டிசம்பர் கடைசியில் மறுபடியும் திவால். இந்த முறை கனடாவில் சன்ரைஸ் ரெக்கார்ட்ஸ் நடத்தும் டக் புட்மன் 100 கடைகளை வாங்கிக் காப்பாற்றினார், 27 கடைகள் மூடப்பட்டன. மூடியவற்றில் ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் கடையும் ஒன்று. வாடகையும் கடை வரியும் கட்டி மாளாது என்பதுதான் காரணம். அப்புறம் எல்கர் திறந்துவைத்த இடத்தில் அமெரிக்க மிட்டாய்க் கடை வந்தது. 2023 நவம்பர் 24 அன்று மிட்டாய்க் கடை போய் நாய் திரும்பி வந்தது.

சரி, உள்ளே போவோம். முதலில் கண்ணில் படுவது பாட்டு இல்லை என்று பழைய ஆட்களுக்கு ஒரு வருத்தம். டி-ஷர்ட், பெரிய தலை வைத்த பொம்மைகள், ஜப்பானிய அனிமே படங்கள், மங்கா சித்திரக் கதைகள், கொரியாவின் கே-பாப் பாட்டு. எனக்கு அதில் வருத்தம் இல்லை, அந்த வாடகையை வேறு எதை விற்றுக் கட்டுவது? கே-பாப் ஆல்பங்களையும் அலட்சியமாகப் பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு பெட்டி, உள்ளே சிடியோடு புகைப்படப் புத்தகம், கூடவே எந்தப் பாடகர் வருவார் என்று தெரியாத புகைப்பட அட்டைகள். தனக்குப் பிடித்தவரின் அட்டை கிடைக்கும்வரை அதே ஆல்பத்தை மறுபடி வாங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சிடி என்கிற பொருளை இன்று பதினைந்து வயதுக்காரர்களிடம் கொண்டு சேர்ப்பது முக்கியமாக இந்தப் பெட்டிகள்தான், அதற்காகவாவது அவை அங்கே இருக்கட்டும்.

வினைல், அதாவது பழைய மாதிரி ரெக்கார்ட் தட்டுகள் இருக்கும் பகுதிதான் எனக்குப் பிடித்த இடம். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் அந்தப் பழக்கம் எந்த வயதுக்காரருக்கும் ஒரு நிமிஷத்தில் வந்துவிடுகிறது. நான் போயிருந்தபோது ஒரு அப்பாவும் மகளும் எதிரெதிர் அலமாரிகளில் நின்று அட்டைகளைத் தூக்கித் தூக்கி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள், அவர் காட்டியது எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை, அவள் காட்டியது எதுவும் அவருக்குத் தெரியவில்லை, ஆனாலும் அங்கிருந்து நகரவில்லை. போன் திரையில் இப்படி ஒரு காட்சி நடக்காது, ஏனென்றால் அங்கே ஆளுக்கொரு திரை. அமெரிக்கப் பாடகி நீனா சிமோன் பாட்டு கேட்டதே இல்லாத ஒருவருக்கு எதில் ஆரம்பித்துக் கொடுக்கலாம் என்று அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டேன். எந்த ஆல்பம் என்று சொல்வதற்கு முன்னால், கேட்கப்போகிறவருக்கு வேறு என்ன பிடிக்கும் என்று என்னைத் திருப்பிக் கேட்டார். நல்ல கடைக்காரருக்கு இது ஒன்று போதும். அவர் எடுத்துக் கொடுத்ததையே வாங்கினேன்.

விலையைப் பொறுத்தவரை, புது வினைல் இப்போது இங்கே எங்கே வாங்கினாலும் 25 பவுண்டிலிருந்து 40 பவுண்ட் வரை வருகிறது. போனில் பாட்டு கேட்கும் ஸ்பாட்டிஃபையின் மாதச் சந்தா 2024-ல் ஏறத்தாழ 12 பவுண்டாக இருந்தது. இரண்டு, மூன்று மாதச் சந்தாவைக் கொடுத்து ஒரே ஆல்பம் வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் உண்மையாகவே பாட்டு கேட்க ஆசைப்பட்டுப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு சிடி. பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது, சத்தம் சுத்தம், அட்டைக்குள் யார் வயலின் வாசித்தார்கள் என்பதுவரை அச்சடித்திருக்கிறார்கள். வினைல் அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் பிளேயர் இல்லாமலே வாங்கிச் சுவரில் மாட்டுகிறவர்களும் சேர்ந்துதான் இந்த விலையை ஏற்றிவிட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இப்போது அந்தக் கூட்டத்தைப் பற்றி. இணையம் வந்தது, ரெக்கார்ட் கடைகள் செத்தன என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கதைகூட இல்லை. பிரிட்டனில் கடைத்தெரு ரெக்கார்ட் கடைகள் பிழைத்தது இசைப் பைத்தியங்களால் அல்ல. வருஷத்துக்கு இரண்டு ஆல்பம் வாங்குகிற சாதாரண ஜனங்களால்தான் பிழைத்தன. அம்மாவுக்குப் பிறந்தநாள், மருமகனுக்கு கிறிஸ்துமஸ், ரேடியோவில் கேட்ட ஒரு பாட்டு மண்டையை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான் காரணம். அவர்கள் வுல்வொர்த்ஸ் என்ற பலசரக்குக் கடையில் துணி சோப்பும் பிள்ளைக்கு மிட்டாயும் வாங்கப் போகிற வழியில் சிடி அடுக்கைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டவர்கள். 2004-ல் இந்த நாட்டில் 16 கோடி ஆல்பங்களுக்கு மேல் விற்றன என்றால் இப்படி ஒன்றிரண்டு வாங்கியவர்களின் கணக்கும் சேர்ந்துதான். 2024-ல் சிடி விற்பனை 1 கோடியைச் சற்றே தாண்டியது.

அவர்களை முதலில் கொண்டுபோனது சூப்பர் மார்க்கெட். டெஸ்கோ, ஆஸ்டா மாதிரிக் கடைகள் அந்த வாரத்து முதல் நாற்பது ஆல்பங்களை மட்டும் எடுத்துவைத்து, லாபமே இல்லாமல், சில சமயம் நஷ்டத்துக்குக்கூட விற்றன. அவர்களுக்கு சிடி ஒரு தூண்டில், லாபம் காய்கறியிலும் இறைச்சியிலும் வந்துவிடும். ரெக்கார்ட் கடையோ அந்த நாற்பது ஆல்பங்களில் வரும் காசை வைத்துத்தான் மாதம் ஒன்று விற்கிற ஜாஸையும், வருஷத்துக்கு ஒன்று விற்கிற நாட்டுப்புறப் பாட்டையும் அலமாரியில் வைத்திருந்தது. மேலே இருந்த நாற்பது போனதும் கீழே இருந்த நாற்பதாயிரத்தை வைத்துக்கொள்ள வழியில்லாமல் போனது. சரக்கைக் குறைத்தார்கள், குறைந்ததும் தேடி வந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாதது, வரி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தபாலில் வரும் 18 பவுண்டுக்கு உட்பட்ட பொருளுக்கு வாட் என்ற விற்பனை வரி கிடையாது என்று ஒரு சலுகை இருந்தது. ஜெர்சி, குர்ன்சி தீவுகள் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் வாட் கணக்கில் வெளியே. அங்கே கிடங்கு வைத்து சிடிகளைத் தபாலில் அனுப்பிய இணையக் கடைகள் அந்தச் சலுகையில் நன்றாக வளர்ந்தன. வாட் 17.5 சதவீதமாக இருந்த காலத்தில், தீவிலிருந்து 10 பவுண்டுக்கு வந்த அதே சிடியைத் தெருக்கடைக்காரர் 11.75-க்கு விற்றால்தான் அவர் கையிலும் 10 பவுண்ட் நிற்கும். அதிலிருந்துதான் அவர் வாடகை, வரி, கரண்ட், சம்பளம் எல்லாம் கொடுக்க வேண்டும். பெரிய கடைகள் சிலவும் தீவுக்குக் கிளை அனுப்பிச் சமாளித்தன, சின்ன ஊரின் ஒற்றைக் கடை என்ன செய்யும்? 2012 ஏப்ரல் 1 முதல் இந்தத் தீவுகளிலிருந்து வரும் தபாலுக்கு அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். அதற்குள் பல ஊர்களில் ரெக்கார்ட் கடையே இல்லாமல் போய்விட்டது. வாங்குகிறவர்கள் மாறியது மட்டும் காரணம் என்று பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு இதில் ஆற்றாமை இருக்கிறது.

வுல்வொர்த்ஸ் விழுந்த கதை இன்னும் மோசம். எண்ணூறுக்கும் மேற்பட்ட கிளைகள், 2009 ஜனவரி 6-க்குள் எல்லாம் மூடியாகிவிட்டது. சிடி விற்ற கடை ஒன்று போனது என்பதோடு அது நிற்கவில்லை. வுல்வொர்த்ஸுக்குச் சொந்தமான மொத்த விநியோகக் கம்பெனி ஒன்றுதான் ஸாவிக்கும் சரக்கு கொடுத்துக்கொண்டிருந்தது. அது நின்றதும், கிறிஸ்துமஸ் வியாபாரத்தின் உச்சத்தில், ஸாவிக்குச் சரக்கு வருவது நின்றது. ஒரு தெருவில் போட்டியாளர்களாகத் தெரிந்த இரண்டு கடைகளுக்குப் பின்னால் ஒரே கிடங்கு இருந்திருக்கிறது.

டவுன்லோடும் ஸ்ட்ரீமிங்கும் இவ்வளவுக்கும் மேலே வந்து விழுந்தவை. 2002 வாக்கில் எச்எம்வி நிர்வாகக் குழுவிடம் அவர்களுடைய விளம்பர ஆலோசகர் ஒருவர் மூன்று ஆபத்துகளை எடுத்துச் சொன்னதாகப் பின்னால் எழுதினார்: இணையக் கடைகள், சூப்பர் மார்க்கெட், டவுன்லோடு. டவுன்லோடு வெறும் மோகம், ரெக்கார்ட் கடையின் சூழலும் அனுபவமும் ஜனங்களுக்கு எப்போதும் வேண்டியிருக்கும் என்ற மாதிரி அங்கே பதில் வந்ததாம். இதைச் சொல்லிச் சிரிப்பது பலருக்கு வழக்கம். நான் சிரிக்க மாட்டேன். டவுன்லோடு பற்றிச் சொன்னது முழுத்தவறு. அனுபவத்தைப் பற்றிச் சொன்னது தவறில்லை, இன்று 363-ஐத் தாங்கிக்கொண்டிருப்பதே அந்த அனுபவம்தான். ஆனால் அனுபவத்துக்காக வருகிறவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம் பேர், வசதிக்காக வந்தவர்கள்தான் பெருங்கூட்டம், வசதி போனுக்குள் போனதும் அவர்களும் போய்விட்டார்கள்.

நம் கடைகளிலேயே இதைப் பார்த்தோம். லண்டனில் ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, டூட்டிங் பக்கம் ஒரு காலத்தில் தமிழ்க் கடைக்குப் போனால் கல்லாவுக்குப் பின்னால் கேசட்டும், பிறகு சிடியும் அடுக்கியிருக்கும். முருங்கைக்காயும் கருவாடும் ஊருக்குப் பேச போன் கார்டும் வாங்கப் போனவர்கள், "புதுப்படப் பாட்டு ஏதும் வந்ததோ அண்ணை" என்று கேட்டு ஒன்றைக் கையோடு எடுத்து வருவார்கள். பாட்டு வாங்கவென்று யாரும் வீட்டிலிருந்து கிளம்பவில்லை. யூடியூப் வந்தது, அடுக்கு போய் அந்த இடத்தில் அரிசி மூட்டை வந்தது. கடைகள் நன்றாகவே ஓடுகின்றன, பாட்டு மட்டும் இல்லை. எந்தப் படப் பாட்டு நன்றாக இருக்கிறது என்று கல்லாவில் இருக்கும் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அதோடு போயிற்று. எனக்கு ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டைவிட இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

வினைல் விற்பனை ஏறுவது உண்மை. பிரிட்டனில் 2023-ல் 59 லட்சம், 2024-ல் 67 லட்சம் வினைல் ஆல்பங்கள் விற்றிருக்கின்றன, விலைவாசியைக் கணக்கிடும் அரசாங்கப் பொருள் பட்டியலிலிருந்து 1992-ல் எடுத்துவிட்ட ரெக்கார்டை 2024-ல் திரும்பச் சேர்த்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் வாங்குகிறவர்கள் ரசிகர்கள், சேகரிப்பவர்கள். டெய்லர் ஸ்விஃப்ட் ஆல்பம் நாலு நிறத்தில் வந்தால் நாலும் வேண்டும் என்கிறவர்கள். வருஷத்துக்கு இரண்டு ஆல்பம் வாங்கிய அந்த அம்மாவோ மாமாவோ 35 பவுண்ட் கொடுத்து வினைல் வாங்கப் போவதில்லை. அவர்கள் இல்லாமல் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ரெக்கார்ட் கடை நிற்காது. பெரிய நகரங்களில் நிற்கும், அங்கேயும் நல்லவை மட்டும் நிற்கும்.

அந்த நல்லவற்றையும் சொல்லிவிடுகிறேன். 363-லிருந்து கிழக்கே நடந்து சோஹோவுக்குள் திரும்பினால் பெர்விக் ஸ்ட்ரீட், அங்கே சிஸ்டர் ரே, ரெக்லெஸ் ரெக்கார்ட்ஸ். பழைய ரெக்கார்ட் தேடுகிறவர்கள் ரெக்லெஸுக்குப் போங்கள். பிரிக் லேன் பக்கம் ரஃப் டிரேட் ஈஸ்ட், 2007-ல் எல்லாரும் மூடிக்கொண்டிருந்த நேரத்தில் துணிந்து திறந்த பெரிய கடை, உள்ளே மேடை போட்டுப் பாடவும் வைக்கிறார்கள். கார்டிஃப் போகிறவர்கள் ஸ்பில்லர்ஸைப் பார்க்காமல் வராதீர்கள், 1894-லிருந்து இருக்கிறது, உலகத்திலேயே பழைய ரெக்கார்ட் கடை என்று பெயர். இசை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கடைகள் எச்எம்வியைவிடப் பிடிக்கும், எனக்கும் அப்படித்தான். ஆனால் ஒன்றும் தெரியாதவர் கூச்சப்படாமல் நுழையக்கூடிய கடை எச்எம்வி. சின்னக் கடைகளில் ஏதோ தேர்வு எழுதப் போன மாதிரி பயந்து நிற்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை முதல் தடவை கூட்டிப்போவதாக இருந்தால் 363-க்கே கூட்டிப்போங்கள்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். வார நாளில் காலையிலேயே போனால் நிம்மதியாகப் பார்க்கலாம், சனிக்கிழமை மதியம் அந்தத் தெருவில் நடப்பதே கஷ்டம். தமிழ்ப் பாட்டு தேடிப் போகாதீர்கள், அதற்கான இடம் இல்லை. வேலை செய்கிறவர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிகிறது, சொல்லவும் பிடிக்கிறது. அங்கேயே நின்று போனில் விலை ஒப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஆர்டர் போடுவது உங்கள் இஷ்டம், ஆனால் அவர்கள் நேரத்தை வாங்கிக்கொண்டு அதைச் செய்யாதீர்கள், ஒரு சிடியாவது வாங்குங்கள். அப்புறம், யாராவது பரிசு அட்டை கொடுத்தால், எந்தக் கடையாக இருந்தாலும் சரி, பீரோவில் பூட்டி வைக்காமல் உடனே செலவழித்துவிடுங்கள். 2013 ஜனவரியில் எச்எம்வி நிர்வாகிகள் கைக்குப் போனபோது ஜனங்கள் கையில் இருந்த பரிசு அட்டைகளை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தார்கள், பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். எல்லாக் கடையும் அப்படி இறங்கி வராது.